டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தையை வளர்ப்பது: வீட்டில் எல்லோருக்குமான முழு வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பை நிறையச் சாமான் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு வகை இன்சுலின், ஊசிகள், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, ஒரு டயட் சார்ட். எப்படிப் போடுவது, எப்போது பார்ப்பது என்று பெரும்பாலும் அம்மாவுக்குத்தான் சொல்லித் தருவார்கள். அந்த நேரத்தில் அப்பா பில் கட்டப் போயிருப்பார், பாட்டி வீட்டில் இருப்பார். அன்றைக்குத் தொடங்கும் சிக்கல் வருடக்கணக்கில் நீளும்: விவரம் முழுக்க ஒருத்தர் தலையில் மட்டும் இருக்கும். அந்த ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் குழந்தைக்கு யார் ஊசி போடுவது?

அந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் குழந்தைக்கான இன்சுலின் அளவை, அதாவது யூனிட் கணக்கை, உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. முதல் வாரம்: வீட்டில் எல்லோருக்கும் ஒரே விளக்கம்

டைப் 1 என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. மிட்டாய் தின்றதால் வரவில்லை. கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்ட எதனாலும் வரவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "நான் அப்பவே சொன்னேன், சாக்லேட் வாங்கிக் கொடுக்காதேன்னு" என்ற பேச்சு சமையலறையில் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. தாத்தாவுக்கும் சுகர் இருக்கும். "நானும்தான் இருபது வருஷமா சுகர்காரன், மாத்திரையிலேயே ஓட்டுறேன், பச்சைப் புள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்பார். தாத்தாவுக்கு இருப்பது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் கொஞ்சமாவது சுரக்கிறது. குழந்தை உடம்பில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். 1922-இல் கனடாவின் டொரன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ இறந்துபோனார்கள். தாத்தாவிடம் இதைச் சொன்னால் அநேகமாகப் புரிந்துகொள்வார்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் ஒன்று வரும். ஊசி தொடங்கிய சில வாரங்களில் பல குழந்தைகளுக்கு இன்சுலின் தேவை திடீரென்று குறையும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச நாள் மூச்சு வாங்கி வேலை செய்யும் காலம் இது. டாக்டர்கள் ஹனிமூன் காலம் என்பார்கள். சில வாரங்களில் முடியலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட நீளலாம். சரியாக அந்த நேரத்தில்தான் யாரோ ஒரு உறவினர் ஏதோ ஒரு ஊரில் ஒரு வைத்தியர் இருப்பதாகச் சொல்வார். சூரணம் கொடுப்பார்கள், சுகரும் நார்மலாக இருக்கும், பெயர் சூரணத்துக்குப் போகும். அதை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே குழந்தை ஐசியூவில் படுக்க நேரும். பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ எல்லாம் சாப்பாட்டில் இருந்தால் இருக்கட்டும். எதுவும் இன்சுலினுக்கு மாற்று கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மரியாதைக்காகக்கூடத் தலையாட்டாதீர்கள்.

2. வீட்டில் சாமான்களுக்கு ஓர் இடம்

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டிய இடம் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் வீண்தான், தூக்கிப் போடுங்கள். பிரித்துப் பயன்படுத்துவது, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். நம் ஊர் மே மாதத்தில் ஹாலில் எங்கே 30 டிகிரி? அதனால் கோடையில் பிரித்ததையும் ஃப்ரிட்ஜிலேயே வைத்து, போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வெளியே எடுத்தால் எரிச்சல் குறையும். மணிக்கணக்கில் கரன்ட் போகும் ஊரானால், தண்ணீர் தெளித்த மணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் இன்னொரு சிறு மண்சட்டியை இறக்கி, அதற்குள் இன்சுலினை மூடி வைக்கலாம். பிரித்த தேதியை மருந்துப் புட்டியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, தயவுசெய்து இருமுறை படியுங்கள். நம் நாட்டில் புட்டி இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் குழந்தைக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் போய்விடும். அவசரத்துக்கு மருந்துக்கடையில் "சுகர் ஊசி ஒண்ணு கொடுங்க" என்று வாங்கி வருபவர் பெரும்பாலும் சித்தப்பாவோ மாமாவோ. ஆகவே புட்டியின் படத்தையும் சிரிஞ்சின் படத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். பேனா வடிவ இன்சுலின் ஊசி பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு அரை யூனிட் வரை அளக்கும் பேனாக்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் வேலை மட்டும் கூடாது.

பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள். குப்பை அள்ளுபவரின் கை பத்திரம்.

3. ஒரு சாதாரண நாள்

பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்போது எழுதித் தருவது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் ஊசி ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வேகமாக வேலை செய்யும் ஊசி ஒன்று. முன்னதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போட வேண்டும். பின்னது சாப்பாட்டோடு சேர்ந்தது. வேகமான புதிய வகையானால் சாப்பிடுவதற்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு. பழைய ரெகுலர் இன்சுலினானால் அரை மணி நேரம் முன்பு.

காலை எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சுகர் பாருங்கள். கை கழுவச் சொல்வது சம்பிரதாயத்துக்கு இல்லை. மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் மெஷின் 300 காட்டும், வீடே பதறும். விரல் நுனியின் நடுவில் வலி அதிகம், பக்கவாட்டில் குத்துங்கள். ஒரே விரலை வதைக்காதீர்கள்.

ஊசி போடும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு, தொடை, பின்புறம், மேல்கை. குழந்தைக்குப் பிடித்த ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அதில் போட்டால் வலிக்காது, அதனால் குழந்தை அங்கேதான் காட்டும். ஆனால் மருந்து ஒழுங்காக உள்ளே போகாது. காரணமில்லாமல் சுகர் ஏறி இறங்கினால் முதலில் விரலால் தடவிப் பாருங்கள், தடிப்பு தெரியும். பேனாவை அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். எண்ணுகிற வேலையைக் குழந்தைக்கே கொடுத்துவிட்டால் அழுகை கொஞ்சம் குறையும்.

சாப்பாட்டுக்கு முன் 70-க்கு மேல் 140-ஐ ஒட்டி, மற்ற நேரங்களில் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. எல்லா ரீடிங்கும் அதற்குள் வராது. அப்படி வரும் குழந்தை யாரையும் நான் பார்த்ததில்லை. சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை உடம்பில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு டாக்டர்கள் சொல்வது, நாளில் 70 சதவீத நேரமாவது 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தால் நல்லது என்பதுதான்.

இப்போது முக்கியமான ஏற்பாடு. காலை ஊசி அம்மா என்றால் இரவு ஊசி அப்பா. ஞாயிறு முழுக்க அப்பா. வாரத்தில் ஒரு வேளை பாட்டியோ அத்தையோ, பக்கத்தில் அம்மா இருக்கும்போதே. கை நடுங்கினாலும் போடட்டும். போட்ட யூனிட்டையும் ரீடிங்கையும் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் நோட்டில் உடனே எழுதும் பழக்கம் வேண்டும். "நீ போட்டியா, நான் போட்டேனா" என்று தெரியாமல் இரண்டு பேரும் போடுவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

4. சாப்பாட்டை எண்ணுவது

இனிப்பை நிறுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். இன்சுலின் கணக்கைப் பொறுத்தவரை சோறும் சர்க்கரையும் ஒரே கட்சி. எண்ண வேண்டியது மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உங்கள் வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி சோறு எத்தனை கிராம் என்று ஒருமுறை எடை போட்டுவிட்டால், அப்புறம் தராசு இல்லாமலே கரண்டிக் கணக்கு ஓடும். இட்லி வீட்டுக்கு வீடு மாறும். சின்ன இட்லி 8 கிராம் மாவுச்சத்து, ஹோட்டல் அளவு பெரியதானால் 12, 13. வீட்டுத் தோசை 20-ஐ ஒட்டி. சின்னச் சப்பாத்தி 15. ஒரு டம்ளர் பால், 200 மில்லி, சுமார் 10. சின்ன வாழைப்பழம் 12 முதல் 15. முட்டை, பனீர், மீன் குழம்பில் உள்ள மீன், கீரை இவற்றில் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் உங்கள் குழந்தைக்கு 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இட்லியில் 10 கிராம் மாவுச்சத்து என்றால், மூன்று இட்லிக்கு 30 கிராம், அதற்கு 2 யூனிட். நாலாவது இட்லி கேட்டால் கொடுக்கலாம், கணக்கு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வளரும் பிள்ளையைப் பசியோடு எழுப்பிவிடும் அளவுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டிமார்கள் இதில் பிரமாதமாகத் தேறுவார்கள். படி, ஆழாக்கு என்று ஆயுள் முழுக்க அளந்தவர்களுக்குக் கிராம் ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் வீட்டில் சமையல் மேடைக்கு மேல் ஒட்டியிருக்கும் தாள் மாமியார் கையெழுத்தில்தான் இருக்கிறது. "ரவா உப்புமா, நீலக் கரண்டி ஒன்று" என்று அவருடைய அளவில், பக்கத்தில் கிராம்.

சில நம்பிக்கைகளைக் கழற்றி வைக்க வேண்டும். ராகி, கம்பு, சப்பாத்தி இவை சுகரை ஏற்றாது என்பது தவறு. நார்ச்சத்து இருப்பதால் முழுத் தானியம் கொஞ்சம் மெதுவாக ஏற்றும். ஆனால் ராகியைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அந்த நிதானமும் போய்விடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இன்சுலினுக்குச் சர்க்கரைதான். சுகர்ஃப்ரீ என்று போட்ட பிஸ்கட்டில் மைதா இருக்கிறது, அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

குழந்தைக்கென்று தனிச் சமையல் செய்யாதீர்கள். பொரியலும் பருப்பும் தட்டில் கூடினால் வீட்டில் எல்லோருக்கும் நல்லதுதான், தாத்தாவையும் சேர்த்து. தனித் தட்டில் தனிச் சாப்பாடு வைக்கும் வீட்டில்தான் பிள்ளைகள் ஒளித்துத் தின்னக் கற்றுக்கொள்கிறார்கள். ஒளித்துத் தின்றதற்கு ஊசி இருக்காது.

5. லோ ஆகிவிட்டால்

70-க்குக் கீழே போனால் லோ. 54-க்குக் கீழே என்றால் உடனடி ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, முகம் வெளுத்தல், காரணமில்லாத எரிச்சல் அல்லது அழுகை. சின்னப் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் சும்மா சுருண்டு படுத்துவிடும். "தூக்கம் வருது போல" என்று விட்டுவிடக்கூடாது.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

மெஷின் கையில் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் பார்க்காமலே அடுத்ததற்குப் போங்கள்.

வேகமாக ஏறும் இனிப்பு கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ அரை டம்ளர் தண்ணீரில். சின்னக் குழந்தைக்கு எடையை வைத்து, ஒரு கிலோவுக்கு 0.3 கிராம். 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம், ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல் போதும். சாக்லேட், லட்டு, பால் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

15 நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொருமுறை. இந்தப் பதினைந்து நிமிடம்தான் கஷ்டமானது. பயத்தில் டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 350-இல் நிற்கும்.

ஏறியபின் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஒரு பிஸ்கட், கொஞ்சம் சுண்டல் மாதிரி ஏதாவது. சாப்பாட்டு நேரமே வந்துவிட்டால், லோவைச் சரிசெய்த பிறகு வழக்கமான ஊசியும் சாப்பாடும்.

மயங்கிவிட்டாலோ வலிப்பு வந்தாலோ கதை வேறு. வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள். சுகரை வேகமாக ஏற்றும் குளுக்ககான் ஊசி வைத்திருந்தால் போடுங்கள். 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பொதுவாக அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம். எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, டாக்டரிடம் எழுதி வாங்கி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும்.

6. ஹை, காய்ச்சல், வாந்தி

எப்போதாவது 280 வருவது சாதாரணம். கொஞ்சம் தண்ணீர், டாக்டர் சொன்ன கணக்குப்படி, ஏறிய சுகரை இறக்கும் திருத்த ஊசி. வேகமான இன்சுலின் மூன்று, நாலு மணி நேரம் வேலை செய்யும். ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லையே என்று மேலும் மேலும் போட்டால் எல்லாம் சேர்ந்து பிறகு லோவில் தள்ளும்.

250-க்கு மேலேயே நின்றாலோ, குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டாலோ கீட்டோன் பாருங்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் விலை குறைவு, ஒரு டப்பா எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் வருவது கீட்டோன். அது ஏறினால் ரத்தம் அமிலமாகும். வயிற்றுவலி, வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாடை, சோர்ந்து தூங்கிவிழுதல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது, நேரே ஆஸ்பத்திரி. போனதும் முதல் வார்த்தையாக "டைப் 1 குழந்தை" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுவலிக்கும் வாந்திக்கும் மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

காய்ச்சல் நாளில் நம் வீடுகளில் கேட்கும் ஒரு வாக்கியம்: "ஒண்ணுமே சாப்பிடல, ஊசி எதுக்கு?" சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முழுக்க நிறுத்தவே கூடாது. நோய் நேரத்தில் தேவை பெரும்பாலும் கூடும். வயிற்றுப்போக்கு, வாந்தியில் சில சமயம் குறையும். இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்து, டாக்டரிடம் போனில் பேசி அளவை மாற்ற வேண்டும். சுகர் ஏறியிருந்தால் தண்ணீர், உப்புப் போட்ட மோர், ரசம். இறங்கியிருந்தால் கஞ்சியோ இனிப்புக் கலந்த பானமோ. இளநீரிலும் சர்க்கரை உண்டு என்பது நினைவிருக்கட்டும். இரண்டு முறைக்கு மேல் வாந்தி என்றால் காத்திருக்க வேண்டாம்.

7. இரவு

பெற்றோரின் தூக்கத்தைத் தின்பது இதுதான். தினமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. படுக்கப் போகும்போது பாருங்கள். 100-ஐ ஒட்டியோ கீழேயோ இருந்தால் ஏதாவது சாப்பிட வைக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு எண் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நிறைய ஓடி விளையாடிய நாள், ஊசி அளவு மாற்றிய நாள், காய்ச்சல் நாள் இந்த மூன்றில் மட்டும் இரண்டு, மூன்று மணிக்கு அலாரம். விளையாட்டின் பலன் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்தான் சுகரை இறக்கும். அலாரம் யாருடைய போனில் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேல்கையில் ஒட்டும் சென்சார் சுமார் இரண்டு வாரம் வரும். விலை பலருக்கும் எட்டாது. முடிந்தவர்களுக்கு இரவு நிம்மதி. சென்சார் காட்டுவது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கிய எண். குழந்தைக்கு லோ அறிகுறி இருந்து சென்சார் நார்மல் என்றால் விரலில் குத்திப் பாருங்கள். அந்தக் கையை அழுத்தியபடி தூங்கினால் பொய்யாக லோ காட்டி அலறும், திருப்பிப் படுக்க வைத்தால் சரியாகிவிடும்.

8. பள்ளிக்கூடம்

வருட ஆரம்பத்தில் தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், பி.டி. மாஸ்டர் மூவரையும் நேரில் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் ஒரு தாள் கொடுங்கள்: குழந்தையின் படம், லோ அறிகுறி, உடனே செய்ய வேண்டியது, இரண்டு போன் எண்கள். கூடவே பெயர் எழுதிய ஒரு டப்பா, அதில் குளுக்கோஸ் பவுடர், ஸ்பூன், பிஸ்கட். ஒன்று வகுப்பறையில், ஒன்று புத்தகப் பையில். கேட்க வேண்டிய சலுகைகள் சில: வகுப்பு நடக்கும்போதும் தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, தேவைப்பட்டால் சாப்பிட அனுமதி. லோ ஆன பிள்ளையைத் தனியாக அலுவலக அறைக்கு அனுப்பாமல் இனிப்பு இருக்கும் இடத்திலேயே வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதிய ஊசிதான் பெரிய கேள்வி. சின்னப் பிள்ளையானால் பெற்றோரில் ஒருவர் வந்து போட அனுமதி வாங்குங்கள். பெரிய பிள்ளை தானே போட்டுக்கொள்ளும், இடம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். கழிப்பறையில் ஒளிந்து போடச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டு டப்பாவுக்குள் "லெமன் சாதம், 45 கிராம், 3 யூனிட்" என்று ஒரு சீட்டு வைத்தால் பிள்ளைக்கும் எளிது, உதவும் டீச்சருக்கும் எளிது. அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் குழந்தையானால் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, அது அங்கே எத்தனை மணிக்குத் தட்டில் விழும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஊசி நேரத்தை அமைக்க வேண்டும். வீட்டில் போட்டுவிட்டு அனுப்பி, அங்கே சாப்பாடு தாமதமானால் பிரேயரில் நின்றபடியே லோ ஆகும்.

விளையாட்டை நிறுத்தாதீர்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு டைப் 1 வந்தது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பந்து வீசினார். பி.டி. பீரியடுக்கு முன் சுகர் பார்த்து, குறைவாக இருந்தால் ஒரு பழம்.

பொதுத்தேர்வுக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக 2017-இலேயே சிபிஎஸ்இ அனுமதி கொடுத்துவிட்டது. எந்த போர்டானாலும் டாக்டர் சான்றிதழோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வறை வாசலில் விவாதம் செய்யும் நிலை வரக்கூடாது.

ஒரு சின்னச் சங்கடம். நவம்பர் 14 குழந்தைகள் தினம், பள்ளியில் லட்டு கொடுப்பார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேன்டிங்கின் பிறந்தநாளும் அதே தேதி, அதனால் உலக நீரிழிவு தினமும் அன்றுதான். உங்கள் பிள்ளைக்கு மட்டும் லட்டு தராமல் விட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டோடு சேர்த்து எண்ணித் தின்னட்டும்.

9. கல்யாணம், தீபாவளி, ஊர்ப் பயணம்

பந்தி எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் ஊசி போடக்கூடாது. இலை போட்டு, பரிமாற ஆரம்பித்து, சோறு கண்ணில் பட்டபிறகு போடுங்கள். சின்னக் கிண்ணப் பாயசம் 20, 25 கிராம் இருக்கும். பாயசம் வேண்டுமா, இரண்டாவது முறை சோறு வேண்டுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். எண்ணெயும் நெய்யும் கூடிய சாப்பாடு தாமதமாக ஏற்றும், ஆகவே மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

தீபாவளிக் காலையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊசி போட்ட கையோடு வெந்நீரில் எண்ணெய்க் குளியல் என்றால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும். குளித்துவிட்டுப் போடுங்கள். பலகாரத்தை நாள் முழுக்கக் கொறிக்காமல் சாப்பாட்டோடு சேர்த்தால் ஒரே ஊசியில் முடியும்.

பயணத்தில் தேவையானதைப் போல இரண்டு மடங்கு சாமான், இரண்டு பைகளில், இரண்டு பேரிடம். வெயிலில் நிறுத்திய காரில் இன்சுலினை விட்டுப் போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில்தான். சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம்.

10. யாரிடம் சொல்வது

"பொம்பளைப் புள்ள, வெளிய சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. பத்து வயதுப் பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்ற, இன்றைக்கு டியூஷனில் அவள் மயங்கினால் யாருக்கும் ஒன்றும் தெரியாத நிலையை உண்டாக்குகிறோம். அதோடு தன் உடம்பு வெட்கப்பட வேண்டிய ஒன்று என்பதையும் அவளுக்குக் கற்றுத் தருகிறோம். எனக்கு இதில் இரண்டாம் யோசனையே இல்லை. டியூஷன் மிஸ், வேன் டிரைவர், பாட்டு டீச்சர், நெருங்கிய தோழி, எதிர்வீடு எல்லோருக்கும் சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்டால் ஒரு வரி போதும்.

கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும். எல்லாக் கவனமும் அக்காவுக்கே போகிறது என்று தம்பிக்குத் தோன்றும், அதில் நியாயமும் இருக்கிறது. குளுக்கோஸ் டப்பா எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும், காவல் காக்கும் வேலை அவனுக்கு வேண்டாம். ஊசி, சுகர் பேச்சே இல்லாமல் அவனோடு மட்டும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

11. செக்கப், செலவு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை. 7 சதவீதத்தை ஒட்டி என்பது பொது இலக்கு, குழந்தைக்குக் குழந்தை மாறும். உயரமும் எடையும் ஒவ்வொரு முறையும். தைராய்டு சோதனையும், கோதுமைப் புரதத்தைக் குடல் ஏற்காத சீலியாக் நோய்க்கான சோதனையும் உண்டு. கண், சிறுநீரகச் சோதனைகள் சில வருடம் கழித்து, பருவ வயதை ஒட்டித் தொடங்கும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசம். எந்த வகை, எத்தனை நாளைக்கு என்று இடத்துக்கு இடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்தான் மாதாமாதம் பையைக் கடிக்கும். மீட்டர் வாங்கும்போதே அதன் ஸ்ட்ரிப் விலையைக் கேட்டு வாங்குங்கள்.

12. பிள்ளையின் கைக்கு மாற்றுவது

ஆறு, ஏழு வயதில் எந்த விரல், எந்தத் தொடை என்று தேர்ந்தெடுக்கலாம். எட்டு, ஒன்பதில் தானே விரலில் குத்திப் பார்க்கும். பத்து, பன்னிரண்டில் நீங்கள் பக்கத்தில் இருக்க ஊசி போட்டுக்கொள்ளும். கணக்கு போடுவது அப்புறம். ஊசி போடத் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பதின்மூன்று வயதில் எல்லாவற்றையும் தலையில் கட்டிவிடாதீர்கள். பருவ வயதில் ஹார்மோன்களால் இன்சுலின் தேவை தானாகவே எகிறும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஏறும். பிள்ளை ஒழுங்காக இருந்தும் 260 வரும் காலம் அது.

அந்த 260-ஐப் பார்த்து "என்ன தின்ன?" என்று கேட்டால் அடுத்த வாரத்திலிருந்து நோட்டில் 140, 132, 145 என்று அழகான எண்களாக வரும். மெஷினின் மெமரியில் ஒன்றும் இருக்காது. "சரி, இப்போ என்ன பண்ணலாம்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் ஃபைலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கேள்விகளை அவர்களே எழுதிக்கொண்டு வரட்டும். கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று ஆட்டோவில் வரும்போது விசாரிக்காதீர்கள்.